வெட்டாமல் விட்டது

இருபத்தாறு வருடம்
காலியரி வானொலியில் நாடா வெட்டினேன்.
சாய்வாகப் பிடித்த பிளேடு, வெள்ளைப் பென்சில், ஒட்டுநாடா.
அமைச்சரின் இருமல், பாதிரியாரின் "அதாவது",
செம்மறிக்காரர் பெயர் யோசித்த நேரம்
எல்லாம் என் காலடியில் சுருண்டு விழும்.
வீட்டில் கேட்டவர்களுக்கு
அந்த ஊரில் எல்லாரும் தடங்கலின்றிப் பேசினார்கள்.

இப்போது கண்ணால் தட்டுகிறேன்.
ஓர் எழுத்தை முறைத்தால்
அது சம்மதிக்க ஒரு வினாடி.
அதனால் சுருக்கமாகச் சொல்வேன்
என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இலேனியா டாக்டர்
மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் வரைந்தாள்:
ஒரு வட்டம், உள்ளே ஒரு சின்ன வட்டம்.
சின்ன வட்டத்தில் மரபணுவை நகலெடுக்கிறார்கள்.
நகல் நீளம். வேண்டாத துண்டுகள் ஏராளம்.
வெட்டி, மீதியை ஒட்டி, வாசலுக்கு வெளியே அனுப்ப வேண்டும்.
"உங்கள் வேலைதான், பாக்கீசியா."
யார் வெட்டுகிறார் என்று கேட்டேன். அப்போது வாயால் கேட்டேன்.
"வெட்ட ஒரு கூட்டமே இருக்கிறது.
இவன் நாடாமேல் உட்கார்ந்திருப்பவன்.
இங்கே ஒட்டாதே, இங்கே ஒட்டாதே என்று
கத்தரிக்காரர்களைத் தள்ளிவிடுபவன்."
அவன் பெயர் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும்,
சரக்கு ரயில் மாதிரி.

அவனை எழுதும் மரபணுவில்
எனக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
எங்கள் தீவில் பலருக்கு அப்படித்தானாம்.
என்றோ யாரோ ஒருவரிடம் மாறி
ஆடு, பாகப்பிரிவினை, வளைந்த மூக்கு
இவற்றோடு கைமாறி வந்தது.
அண்ணன் அந்தியோகோவுக்கு முதலில் சட்டைப் பொத்தான்.
எனக்கு பிளேடு பிடித்த கட்டைவிரல்.

அறுபத்து மூன்று வருடம் ஒழுங்காகத்தான் இருந்தான்.
பிறகு உள்வட்டத்தைவிட்டு எழுந்துபோய்
முற்றத்தில் கட்டிதட்டிக் கிடக்கிறான்.
கத்தரிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.
நரம்புக்கு ஒரு கட்டளை உண்டு, நல்ல கட்டளை:

அறுந்த இடத்திலிருந்து மறுபடி தசைவரை வளர்ந்து போ

எனக்குள் அது இப்படிப் போய்ச் சேர்கிறது:

அறுந்த இடத்திலிருந்து மைக் ஆன்ல இருக்கா சரி போதும்

நானும் பிழை செய்திருக்கிறேன்.
எழுபத்தெட்டில் சுரங்கக் கம்பெனி என்ஜினியர் ஒருவர்
"கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இல்லை" என்றார்.
சொல்லி முடித்ததும் செருமினார்.
செருமலை எடுக்கப்போய் விரலகலம் கூட எடுத்துவிட்டேன்.
தீவு முழுக்கக் கேட்டது: கிணற்றுத் தண்ணீரில் ஈயம்.
மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்.
அடுத்த வருடம் சோதித்தார்கள். இருந்தது.
அதைச் சொல்லி இந்த உடம்பைத் தேற்றப் பார்த்தேன்.
எடுபடவில்லை.
எல்லாப் பிழைக்கும் ஏதோ சொல்ல இருக்கும் என்பது
எங்கள் நிலையத்து நம்பிக்கை. செல்லில் செல்லாது.

டூரினில் மகள் நோயெமி.
அவள் ரத்தத்தின் பதில் ஓர் உறையில் இருக்கிறது,
பழைய டிராம் சீட்டுகளோடு இழுப்பறையில், நான்கு மாதமாக.
ஞாயிறுதோறும் திரையில் வருவாள்.
என் பங்கையும் சேர்த்து அவளே பேசுவாள்.
நடுவே நிறுத்தும் இடங்களில்
என் கண் பழக்கதோஷத்தில் பென்சில் குறி வைக்கும்.

போன வாரம் கேட்டாள்: "திறக்கட்டுமா, அம்மா?"

உன் விருப்பம் என்று தட்டத் தொடங்கினேன்.
"உன் விரு" வரை வந்தேன்.
ஜன்னலில் ஒரு கடற்பறவை, கண் ஓடிவிட்டது,
மிச்சத்தை இயந்திரமே ஊகித்து
யாரோ ஒரு வங்கிக்காரியின் குரலில் உரக்கச் சொன்னது:
"உன் விருந்து எப்போது?"

நோயெமி சிரித்தாள். புரையேறிச் சிரித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு
மறுபடி சிரித்தாள்.
அழிக்கும் பொத்தான் திரையின் இடது மூலையில் இருக்கிறது.
அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து வருகிறாள், விருந்து சமைக்க.
உறையைக் கொண்டுவருவாளா, தெரியாது.
எனக்குக் குழாயில்தான் சாப்பாடு.
வாசனைக்கு அது தேவையில்லை.